மீனைப் பிடிக்கும் நிறம், ஆளைப் பிடிக்கும் நிறம்

புனேயில் நம்ம ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பி விடுகிறார்கள். புழு கோத்துத் தக்கை போட்டுக் காத்திருக்கும் பழைய தூண்டில் இல்லை. சுருள் வைத்த கம்பு, ரப்பர் தவளை, பிளாஸ்டிக் குச்சிமீன் என்று எல்லாம் நவீன சரக்கு. அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், நீங்க கலர் லைன்ல இருக்கீங்க, சொல்லுங்க. இந்தத் தவளையில எந்தக் கலர் வாங்கினா மீன் எடுக்கும்?"

நான் 'கலர் லைனில்' இருப்பது உண்மைதான். பிளாஸ்டிக்கில் கலக்கும் நிறமிகளை வாடிக்கையாளர் கொடுத்த மாதிரிக்கு ஒத்துப்போக வைப்பது என் பிழைப்பு. பக்கெட், பேனா மூடி, ஷாம்பு பாட்டில் என்று தினமும் ஏதாவது ஒன்றுக்கு நிறம் பொருத்திக்கொண்டிருப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இது 120 வருடத்துக் கேள்வி. ஒரு பெரிய தொழிலே இதன் மேல்தான் எழும்பி நிற்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், தூண்டில் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். பொய்யிரை என்றால் உயிருள்ள இரைக்குப் பதிலாக மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்த பொம்மை. ஆங்கிலத்தில் லூர் என்பார்கள். அதில் தண்ணீருக்குள் மூழ்கி ஓடுவது ஒரு வகை. தண்ணீரின் மேலேயே மிதந்து, நாம் நூலை இழுக்கும்போது துள்ளி, தளும்பி, சத்தம் போட்டு வருவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் டாப்வாட்டர். மீன் அடியிலிருந்து எழும்பி வந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அதை அடிக்கும். அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே பலர் இதற்கு அடிமை.

<b></b>தேனீக்காரர் செய்த தவளை

கதை தொடங்குவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டொவாஜாக் என்ற சின்ன ஊரில். அங்கே ஜேம்ஸ் ஹெடன் என்று ஒருவர் இருந்தார். 1845ல் பிறந்தவர். தொழில், தேனீ வளர்ப்பு. சாதாரண ஆள் இல்லை. புது மாதிரி தேன்கூட்டுப் பெட்டி ஒன்றை வடிவமைத்து 1885ல் காப்புரிமை வாங்கியவர். ஊருக்கு மேயராகவும் இருந்திருக்கிறார்.

அந்த ஊரில் ஒரு மில் குளம் உண்டு. நண்பர் வருவதற்காக அதன் கரையில் காத்துக்கொண்டிருந்த ஹெடன், பொழுது போகாமல் ஒரு மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்தாராம். சீவி முடித்ததைத் தண்ணீரில் வீசினாராம். உடனே ஒரு பாஸ் மீன் எழும்பி அதை அடித்ததாம். நியூட்டனின் ஆப்பிள் மாதிரி இந்தத் தொழிலின் ஆப்பிள் இது. நடந்ததோ இல்லையோ, டொவாஜாக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை.

கதையில் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். அந்த மரத்துண்டுக்கு நிறமே இல்லை. பெயின்ட் அடிக்காத வெறும் கட்டை. மீன் அதைத்தான் அடித்தது. இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1898 வாக்கில் ஹெடன் தனக்கும் நண்பர்களுக்கும் மரத்தில் தவளைகள் செதுக்கினார். கூடவே பெயின்டும் அடித்தார். 1900களின் தொடக்கத்தில் மகன்களோடு சேர்ந்து கம்பெனியாக நடத்தத் தொடங்கியபோது, ஆரம்பகாலச் சரக்குகளில் ஒன்று சரிந்த மூக்குள்ள ஒரு மிதக்கும் கட்டை. வெள்ளை உடம்பு, நீலத் தலை. எந்த ஆற்றிலும் எந்தக் குளத்திலும் வெள்ளை உடம்பும் நீலத் தலையுமாக ஒரு பிராணி நீந்தி நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பாஸ் மீன்கள் அதை அடித்தன, மனிதர்கள் வாங்கினார்கள்.

ஹெடன் 1911ல் இறந்துபோனார். அதற்குள் மிச்சிகன், இந்தியானா, ஒஹாயோ என்று பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் பொய்யிரைத் தொழில் குடிசைத் தொழிலாகத் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து ஊரான பா பாவில் ஒரு கம்பெனி, இருட்டில் ஒளிரும் பெயின்ட் பூசிய மிதவையையே விற்றது. கம்பெனியின் பெயரே நிலவொளி என்று அர்த்தம் தரும் மூன்லைட். ராத்திரி மீன்பிடிப்பவர்களுக்காம்!

<b></b>வலைத்துணியும் செதிலும்

அந்தக் காலத்தில் ஒரு பொய்யிரைக்கு எப்படி நிறம் கொடுத்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தொழில் பாசம்.

சீடர் மாதிரி எடை குறைந்த மரத்தைக் கடைசலில் போட்டு உருட்டி எடுப்பார்கள். வெள்ளை அடிப்பூச்சில் முக்கிக் காயவைத்து, தேய்த்து, மறுபடி முக்கி, இப்படிப் பல தடவை. அதற்கு மேல் நிறம், அதற்கு மேல் பளபளப்புக்கு வார்னிஷ். கடைசியில் கண்ணாடிக் கண். இன்றைக்கு அமெரிக்காவில் இந்தப் பழைய கட்டைகளைச் சேகரிப்பதற்கென்றே தனிக் கூட்டம் இருக்கிறது. பெயின்ட் உதிராமல், அட்டைப்பெட்டியோடு இருந்தால் விலை எங்கேயோ போய்விடும்.

இந்தியானாவின் காரெட் என்ற ஊரில் 1916ல் கிரீக் சப் என்ற கம்பெனி தொடங்கியது. இவர்கள் பேர் வாங்கியது செதில் பூச்சில். பளிச்சென்ற அடிநிறம் பூசிய கட்டையின் மேல், மணப்பெண் முக்காட்டுக்குப் போடுவது போன்ற சன்ன வலைத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். அதன் மேல் இன்னொரு நிறத்தைத் தெளிப்பார்கள். துணியை எடுத்தால், வலையின் நூல் மறைத்த இடமெல்லாம் கோடு கோடாக நின்று அச்சு அசல் மீன் செதில்! இவ்வளவு எளிமையான ஒரு உத்தி. நிஜ மீன் மாதிரியே இருக்கிறது என்று ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மற்ற கம்பெனிகளும் செதில் போட ஆரம்பித்தன.

இந்தக் கம்பெனிக்கு இன்னொரு புகழும் உண்டு. 1932 ஜூன் 2ல், ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். நம் கணக்கில் 10 கிலோவுக்கு மேல். உலக சாதனை. 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமாகப் பிடிக்கும்வரை 77 வருடம் அந்தச் சாதனையை யாரும் எட்டவில்லை. பெர்ரி போட்டது கிரீக் சப் பொய்யிரை. அது பொருளாதார மந்தக் காலம். பெர்ரிக்கும் அவருடைய நண்பருக்கும் சேர்த்து அன்று இருந்தது அந்த ஒரே ஒரு பொய்யிரைதான் என்று சொல்வார்கள். மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டு விட்டார்கள்.

ஆக, உலகத்தின் மிகப் பெரிய பாஸைப் பிடித்தவருக்கு 'எந்தக் கலர்?' என்ற கவலையே இருந்திருக்காது. கையில் இருந்தது ஒன்று, அதைப் போட்டார். :-)

<b></b>கண்ணாடிப் பேய் வந்தது

முதல் உலகப் போருக்குப் பிறகு நிறங்கள் பெருகின. எல்லாக் கம்பெனிகளிலும் தவறாமல் இருந்த ஒரு ஜோடி, சிவப்புத் தலையும் வெள்ளை உடம்பும். இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடும் ஜோடி இது. தவளைப் பச்சை, மஞ்சள் பெர்ச், வானவில், தங்கநிறம் என்று மற்றதெல்லாம் வரிசை கட்டின. ஒரே வடிவத்தைப் பத்து நிறத்தில் விற்றால், ஒரே ஆள் பத்து வாங்குவான். இந்த வியாபார சூத்திரம் அன்றைக்கே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

1920களில் ஹெடன் கம்பெனி ஜராகோசா என்று ஒரு மிதக்கும் கட்டையைக் கொண்டுவந்தது. முன்னால் உதடு கிடையாது, காற்றாடி கிடையாது. வெறும் சுருட்டு வடிவம். ஆனால் கம்பின் நுனியைச் சின்னச் சின்னதாகச் சொடுக்கினால் இடமும் வலமுமாக ஒய்யாரமாக நடந்து வரும். ஃப்ளோரிடாவில் பென்சகோலா என்ற துறைமுக ஊரில் ராத்திரி வாழ்க்கைக்குப் பேர்போன ஒரு தெருவின் பெயர் ஜராகோசா. அங்கே நடமாடிய பெண்களின் நடையைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. குடும்பத்தோடு படிப்பவர்கள் இருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1939ல் அதே கட்டை பிளாஸ்டிக்கில் வந்தது. பெயர் ஜாரா ஸ்பூக். ஸ்பூக் என்றால் பேய். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் அந்தப் பெயர். என் பார்வையில் பொய்யிரை நிறத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான். மரத்தின் மேல் பூசினால் நிறம் தோலோடு நிற்கும். பிளாஸ்டிக்கில் நிறம் உடம்புக்குள்ளேயே போகலாம், அல்லது நிறமே இல்லாமலும் இருக்கலாம். முதல் முறையாக 'நிறமின்மை'யும் ஒரு நிறமாக விற்பனைக்கு வந்தது. தெளிந்த தண்ணீரில், சுள்ளென்ற வெயிலில் இன்றைக்கும் பலர் போடுவது இந்தக் கண்ணாடி நிறத்தைத்தான்.

அதே சமயத்தில் ஒஹாயோவின் ஏக்ரன் நகரத்தில் ஃப்ரெட் ஆர்போகாஸ்ட் ஜிட்டர்பக் என்ற மிதவையை விற்கத் தொடங்கியிருந்தார். குட்டைக் குண்டான உடம்பு, முன்னால் இரட்டைக் கரண்டி போல அகலமான உலோக உதடு. சீராகச் சுற்றி இழுத்தாலே 'பளக் பளக்' என்று தண்ணீரை அறைந்துகொண்டு வரும். இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது உதட்டைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். இது இரவு மீன்பிடிப்பின் அரசன் ஆனது. அந்த அரசனுக்கு மிகவும் பேர் வாங்கிக் கொடுத்த நிறம், கறுப்பு. கும்மிருட்டில் கறுப்புப் பொய்யிரையா என்று கேட்கத் தோன்றும். பதில் கீழே வருகிறது.

நம்ம ஊர் விரால் ரசிகர்கள் இன்று போடும் உள்ளீடற்ற ரப்பர் தவளைக்கும் ஒஹாயோதான் பூர்வீகம். 1957ல் ஹாரி ஏலர்ஸ் என்பவர் ஸ்னாக் ப்ரூஃப் என்ற பெயரில் தொடங்கினார். தூண்டில் முள் தவளையின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பாசியில் மாட்டாது. மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும்.

<b></b>சாக்லேட் தாள்

அமெரிக்காவில் இப்படிச் செதில் செதிலாக வரைந்துகொண்டிருந்தபோது, ஃபின்லாந்தில் லௌரி ரபாலா என்ற ஏழை மீனவர் வேறு வழியில் போனார். 1936. பிழைப்புக்காக மீன் பிடித்தவர். பெரிய மீன்கள் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் குட்டியைத்தான் அடிக்கின்றன என்பதைப் படகிலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கினார். கடையில் பெயின்ட் வாங்க வசதி இல்லை. சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை மேலே ஒட்டினார். வார்னிஷுக்கும் வழியில்லை. பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி அதன் மேல் பூசினார். முடிந்தது.

வெள்ளித்தாளுக்குச் சொந்த நிறம் கிடையாது. சுற்றியுள்ள தண்ணீர் என்ன நிறமோ அதையே திருப்பிக் காட்டும். மீன் செதிலும் அதைத்தான் செய்கிறது. ஆக, செதிலின் *படத்தை* வரைந்தவர்களைவிட, செதிலின் *வேலையை* செய்ய வைத்தவர் இந்தச் சாக்லேட் தாள் மனிதர். 1962 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை இவரைப் பற்றி எழுதியது. அந்த இதழின் அட்டையில் அப்போதுதான் இறந்துபோன மர்லின் மன்றோ. நாடு முழுக்க அந்த இதழ் விற்றுத் தீர்ந்தது, ரபாலாவுக்கு ஆர்டர்கள் மலையாகக் குவிந்தன.

<b></b>கீழேயிருந்து பார்த்தால்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். மிதக்கும் பொய்யிரையை மீன் எங்கேயிருந்து பார்க்கிறது? அடியிலிருந்து. நாம் எங்கேயிருந்து பார்க்கிறோம்? கடையில் தொங்கும்போது, முதுகுப் பக்கமாக.

ஹெடன் காலத்துத் தவளை முதல் இன்றைய ரப்பர் தவளை வரை எடுத்துப் பாருங்கள். புள்ளி, கோடு, வளைவு, நிழல் என்று எல்லாக் கலைவேலையும் முதுகில். அந்த முதுகு தண்ணீருக்கு மேலே இருக்கிறது. காக்காயும் நாமும் மட்டும்தான் பார்க்கிறோம். மீனுக்குத் தெரிவது வயிறு. அதுவும் பின்னால் வானம் பளீரென்று இருக்கும்போது.

ஒளிவிலகல் என்று பள்ளியில் படித்தோமே, அதன்படி மீனுக்கு மேலே வானம் முழுவதும் சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு, தலைக்கு மேலே சுமார் இரண்டேகால் மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் பொய்யிரை வந்தால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த பொருள் போல இருண்ட உருவமாகத் தெரியும். ட்யூப் லைட்டுக்கு நேராக ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு பச்சைப் பேனாவையும் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி போல அடித்தரையைப் பிரதிபலிக்கும். அங்கே பொய்யிரையின் நனைந்த பாகமும் அதன் தலைகீழ் பிம்பமும் மட்டும் தெரியும். நிறம் கொஞ்சமாவது எடுபடுவது அங்கேதான். அதிலும் வயிற்றின் நிறம் மட்டும்.

ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896லேயே ஒன்றைக் கவனித்து எழுதினார். விலங்குகளின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஒளிந்துகொள்வதற்காக என்றார். மேலிருந்து விழும் வெளிச்சத்தை இந்தப் பூச்சு ஈடுகட்டிவிடுகிறது. மீனின் வெள்ளை வயிறும், தவளையின் வெளிறிய வயிறும் கீழே இருக்கும் எதிரியின் கண்ணில் சட்டென்று படாமல் இருப்பதற்காக. இயற்கை ஒளித்து வைக்கப் பார்ப்பதை நாம் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறோம். ராத்திரியில் கறுப்பு எடுபடுவதன் ரகசியம் இதுதான். எவ்வளவு இருட்டானாலும் வானம் தண்ணீரைவிடக் கொஞ்சம் வெளிச்சமாகத்தான் இருக்கும். அதற்கு எதிரே மிக அழுத்தமான உருவம் தருவது கறுப்பு.

இன்னொரு வேடிக்கை. மிதக்கும் பொய்யிரைக்கு நல்ல நேரம் விடியலும் அந்தியும் என்று எல்லோரும் சொல்வார்கள். கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஓய்வுக்குப் போய், வெளிச்சம் மட்டும் பார்க்கும் குச்சி செல்கள் வேலைக்கு வரும் நேரமும் அதுவேதான். நமக்கும் அப்படித்தான். அந்தியில் சாமந்திக்கும் ரோஜாவுக்கும் நிற வித்தியாசம் மங்கிப்போகும். மீன் நன்றாக எடுக்கும் நேரத்தில் நிறத்துக்கு மதிப்பு குறைவு!

<b></b>மீனிடமே கேட்டவர்கள்

'மீனுக்கு நிறம் தெரியுமா?' என்று கடைக்காரரிடம் கேட்காமல் மீனிடமே கேட்டவர்களும் உண்டு. 1937ல் இல்லினாய் மாநிலத்தில் ஃப்ராங்க் பிரவுன் என்ற ஆய்வாளர் பாஸ் மீன்களை நிறங்களுக்குப் பழக்கிப் பார்த்தார். நிறம் தெரிகிறது, அதுவும் சிவப்பு நன்றாகவே தெரிகிறது. மொத்தத்தில், மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்ட மனிதன் உலகத்தைப் பார்ப்பது போல என்பது அவர் கண்ட முடிவு.

1980களின் நடுவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் லோரன் ஹில் என்ற விலங்கியல் பேராசிரியரின் ஆய்வை வைத்து ஒரு கருவியே வந்தது. கலர்-சி-லெக்டர். ஒரு கம்பியைத் தண்ணீருக்குள் இறக்கினால் முள் நகர்ந்து இன்றைக்கு இந்த நிறம் போடு என்று காட்டும். தெளிந்த நீர், கலங்கிய நீர், சேற்றுநீர் என்று தனித்தனிப் பட்டை. அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அதில் உள்ள நிறங்கள் எல்லாமே கைவசம் வேண்டுமே! கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சில வருடத்தில் மோகம் அடங்கிவிட்டது.

பிறகு 2019ல் மறுபடி இல்லினாயிலிருந்தே ஒரு ஆய்வுக் கட்டுரை. ரெபெக்கா ஃபுல்லர் குழுவினருடையது. பாஸின் கண்ணில் நிறத்துக்கு இரண்டே வகைக் கூம்பு செல்கள். ஒன்று பச்சைக்கு, இன்னொன்று சிவப்புக்கு. நமக்கு மூன்று. நீலத்துக்கான செல் அதற்கு இல்லை. பழக்கிப் பார்த்ததில் சிவப்பையும் பச்சையையும் பாஸ் நன்றாகவே பிரித்து அறிந்தது. ஆனால் பளிச்சென்ற கிளிப்பச்சை மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது.

இதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வருத்தமும். அந்தக் கிளிப்பச்சை மஞ்சள் எங்கள் தொழிலின் செல்லப்பிள்ளை. ஸ்விட்சர் சகோதரர்கள் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1930களில் கண்டுபிடித்த ஒளிரும் நிறமிகளின் வழிவந்தது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி, தெரியும் வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் சுண்ணாம்பு அடித்த சுவருக்குப் பக்கத்தில் அது எரிவது போல இருக்கிறது. தூண்டில் கடையில் முதலில் நம் கண்ணை இழுப்பதும் அதுதான். அந்த நிறத்துக்கும் வெள்ளைக்கும் பாஸ் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. ஹெடனின் நீலத் தலை வெள்ளைக் கட்டையும் மீனுக்குக் கறுப்புத் தலை வெள்ளைக் கட்டையாகவே தெரிந்திருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வெளிச்சப் பெட்டி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள், கடை விளக்கைப் போட்டதும் வேறு வேறாகத் தெரியும். அதனால் வாடிக்கையாளரிடம் முதல் கேள்வியே 'எந்த வெளிச்சத்தில் பார்ப்பீர்கள்?' என்பதுதான். நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை. வெளிச்சமும் பார்க்கும் கண்ணும் சேர்ந்தால்தான் நிறம். பொய்யிரைத் தொழிலில் இந்தக் கேள்வியை 100 வருடமாகக் கடை வெளிச்சத்தில், மனிதக் கண்ணிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏனென்றால் மீன் பர்ஸ் வைத்திருப்பதில்லை.

<b></b>நம்ம விரால்

பாஸ் கண்ணை வைத்து விரால் கண்ணைத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஆனால் வானத்துக்கு எதிரே நிற்கும் உருவம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் விராலுக்குத் தவளை போடுவது அமெரிக்காக்காரன் சொல்லிக்கொடுத்தது இல்லை. எங்கள் பெரியப்பா காலத்திலேயே உயிர்த் தவளையை முள்ளில் மாட்டி, நீளமான மூங்கில் கம்பில் அல்லிக்குளத்தின் மேல் தத்தித் தத்திப் போக வைப்பார்கள். மதராஸ் மாகாணத்தில் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகமும், 1887ல் நம்ம குளங்களில் மீன்பிடிப்பது பற்றித் தனியாக இன்னொன்றும் எழுதினார். நம் குளங்களுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. புதுசாக வந்தது ரப்பரும் விலையும்தான். மராத்தியில் மரள், வங்காளத்தில் ஷோல், எங்கே வேலைக்குப் போனாலும் நம்ம விரால் வேறு பெயரில் அங்கே இருக்கிறது.

சரி, எந்தக் கலர் வாங்குவது? இத்தனை கதைக்குப் பிறகு என் பதில் இது.

கறுப்பு ஒன்று. விடியல், அந்தி, மேகமூட்டம், கலங்கிய தண்ணீர் எல்லாவற்றுக்கும். வெள்ளை அல்லது எலும்பு நிறம் ஒன்று. பகலில், பாசிக்கு நடுவே, நம் கண்ணுக்கும் தெரியவேண்டிய இடத்தில். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தால் ஒளி ஊடுருவுவது அல்லது வெளிறிய வயிறுள்ளது ஒன்று. மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலாவதற்குக் காசு இருந்தால் நாலாவது நிறம் வேண்டாம். வேறு அளவோ, வேறு சத்தமோ, வேறு நடையோ உள்ளதாக வாங்குங்கள். வாங்கும்போது முதுகைப் பார்க்காதீர்கள். திருப்பிப் போட்டு, தலைக்கு மேலே தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே வயிற்றைப் பாருங்கள். மீன் பார்ப்பது அதைத்தான். வயிறு வெளுத்திருந்து உங்களுக்குக் கறுப்பு வேண்டுமென்றால், பத்து இருபது ரூபாய் மார்க்கர் பேனா போதும்.

பிள்ளைகள் கூட வந்து, 'அப்பா, அந்தச் சிவப்புப் புள்ளி போட்டதுதான் வேணும்' என்று அடம் பிடித்தால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதில் தப்பில்லை. தனக்குப் பிடித்ததைப் போடுகிறவன் இன்னும் பத்துத் தடவை அதிகமாக வீசுவான். அதிகமாக வீசுகிறவனுக்கு மீன் கிடைக்கும். நிறத்தின் நிஜமான சக்தியில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எந்த நிறமும் வேண்டாம் என்பேன். மழைக்காலத்தில் குளத்தில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் பந்து மாதிரித் திரண்டு மேலே வந்து மூச்சு வாங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தப் பந்தின் நடுவே எதைப் போட்டாலும் அடிக்கும். கறுப்போ வெள்ளையோ பெயின்ட் அடிக்காத வெறும் கட்டையோ, எதுவானாலும். அது பசியில் வரும் அடி இல்லை. குஞ்சுக்கு ஆபத்து என்று வரும் அடி. அந்த மீனைத் தூக்கிவிட்டால், அதுவரை ஒதுங்கி நின்ற கெளுத்தியும் கெண்டையும் தண்ணீர்ப் பாம்பும் அந்தச் சிவப்புப் பந்தைக் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருடம் அந்தக் குளத்தில் நம் பிள்ளைகள் வீச விரால் வேண்டுமானால், அன்றைக்குப் பெட்டியைத் திறக்காமல் அடுத்த கரைக்கு நடந்துவிடுங்கள்.